கூரை தூக்கும் வண்டியும் உங்கள் தங்கையும்

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் சாலமோன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வில்சன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

மாதா புண்ணியத்தில் இங்கே எங்கள் இருவருக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் பிரஷரும் மொட்டைமாடிப் புறாக்களும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ‘கேம்பர்’ என்று வாயெடுத்த உடனே நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு, அக்காவையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறீர்கள். கடிதம் என்றால் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது, அதனால் இந்த ஏற்பாடு.

ஒரே ஒரு காரியம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரம்பூரிலிருந்து கிளம்பி இங்கே வந்து, உங்கள் தங்கை ஜானட்டை என் கேம்பர் வண்டிக்குள் ஏறச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் ஏற மாட்டாள். நீங்கள் சொன்னால் பெரியண்ணன் வார்த்தை என்று ஏறுவாள். வேளாங்கண்ணியில் அடுத்த வாரம் கொடியேற்றம். இந்த வருடம் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மாதாவிடமும் சொல்லிவிட்டேன், தெருவிடமும் சொல்லிவிட்டேன். மாதா பொறுத்துக்கொள்வாள், தெரு பொறுக்காது.

உங்கள் தங்கை ஏன் ஊர் விட்டு ஊர் போவதில்லை என்று நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள், அவளும் கால் வலி என்றே பதில் சொல்லியிருக்கிறாள். காலில் ஒன்றும் இல்லை மச்சான். சர்க்கரை வந்த பிறகு அவளால் கொஞ்ச நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாது. கடைசியாக நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போனபோது வழியில் இவள் எழுந்து நின்று கேட்க, பஸ்காரன் நடுவில் நிறுத்த முடியாது என்று சொல்ல, இவள் கெஞ்ச, முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை அத்தனை தலையும் திரும்பிப் பார்த்தது. மீதி வழி முழுக்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு டோல்கேட் தாண்டி எங்கேயும் வருவதில்லை. கல்யாணம் ஆனாலும் சாவு ஆனாலும், “நீ போய்ட்டு வா, எனுக்கு காலு நோவுது” என்று சொல்லிவிடுவாள். கொடியேற்றத்தை டிவியில் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள், அன்றைக்கு மட்டும் குழம்பில் உப்பு இருக்காது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஹார்பரிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் இந்த வண்டி வேலையில் இறங்கினேன். வில்சனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இங்கே எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

வாட்சப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா மாப்ள, ஐஸ் பொட்டியா?” என்று கேட்டீர்கள். வருத்தப்பட்டேன். இது ஐஸ் பெட்டி இல்லை. சின்ன லாரி ஒன்றின் பின்பக்கத்தில் அப்படியே தூக்கி உட்கார வைத்த ஒரு அறை. வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்து படுத்துக்கொள்ளும், காற்று தடுக்காது. நிறுத்தியபின் கூரையைத் தூக்கினால் நாலு பக்கமும் தார்ப்பாய்ச் சுவர் எழும்பும், உள்ளே நான் கை தூக்கி நிற்கலாம். வெளிநாட்டுக்காரன் செய்வதை வீடியோவில் பார்த்தேன். நம் டோல்கேட் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அப்சலிடம் காட்டினேன். அவன் தம்பி மாதிரி எனக்கு. வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நைனா, இத்த அவன் பண்ணுவான்னா நாம பண்ண மாட்டமா? சும்மா ஷோக்கா பண்ணிக்குடுக்கறேன், நீ பக்கத்துல நின்னுகினு ஐடியா மட்டும் சொல்லாத” என்றான். பக்கத்தில் நின்றேன், ஐடியாவும் சொன்னேன். அதனால் கொஞ்சம் தாமதமானது.

பெட்டியை லாரியில் உட்கார வைத்தோம். இங்கேதான் உங்களுக்கும் எனக்கும் உள்ள பழைய வழக்கு. பெரம்பூரில் ரயில் பெட்டி செய்தவர் நீங்கள், எதுவானாலும் போல்ட் போட்டு முறுக்க வேண்டும் என்பீர்கள். நான் ஹார்பரில் லாஷிங் கேங். கப்பல் மேல் அடுக்கிய கன்டெய்னர் கடலில் விழாமல் இருக்க இரும்புக் கம்பி மாட்டி, டர்ன்பக்கிள் என்கிற திருகை முறுக்கி இறுக்கிக் கட்டுகிறவன். என் கையால் கட்டிய பெட்டி ஒன்றுகூட எந்தக் கடலிலும் விழுந்ததாகத் தகவல் இல்லை. எனவே அப்சல் போட்ட போல்ட்டை நான் மதிக்கவில்லை. பழைய தோஸ்து ஒருவரிடமிருந்து கழித்துப் போட்ட கம்பிகளையும் டர்ன்பக்கிள்களையும் வாங்கிவந்து, நாலு மூலையிலும் பெட்டியை லாரியோடு சேர்த்துக் கட்டினேன். கட்டிவிட்டு ஆட்டிப் பார்த்தேன். லாரி ஆடியது, பெட்டி ஆடவில்லை. கூரைக்கு அப்சல் ஏற்கெனவே கொக்கி வைத்திருந்தான், அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓடும்போது கூரை காற்றில் எழும்பிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு எண்ணம் வந்து, கூரைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் இன்னும் நாலு கம்பி போட்டு இறுக்கினேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதலில் வெள்ளைப் பெயின்ட் அடித்தோம், கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஓட்டிப் பார்ப்போமே என்று எண்ணூர் வழியாக அத்திப்பட்டு வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். போன வெள்ளை வரவில்லை. நிலக்கரித் தூசும் சாம்பலும் ஈரப் பெயின்டில் ஒட்டி, வண்டி பன்றிக்குட்டி நிறத்தில் வீடு வந்தது. ஜானட் வாசலில் நின்று பார்த்து, “இத்த கழுவற தண்ணிக்கு ஒரு ஊரே குளிக்கலாம்” என்றாள். நான் கழுவவில்லை. கப்பல் தளத்துக்கு அடிக்கிற சாம்பல் நிறப் பெயின்ட் வாங்கி மொத்த வண்டிக்கும் அடித்துவிட்டேன். இப்போது எவ்வளவு தூசு வந்தாலும் தெரியாது. இந்த வேலையை ரயில்வேயில் யாராவது யோசித்திருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து உள்வேலை. கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது என்பதால் கீல், தாழ்ப்பாள், கூரையைத் தூக்கும் தண்டு எல்லாவற்றுக்கும் கப்பல் கயிற்றுக் கிரீஸ் தடவினேன். கட்டில் நகர்கிற சறுக்குத் தடத்தில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது போல. உட்கார்ந்து பார்த்தேன், கட்டில் என்னை ஏற்றிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டது. அதைச் சரிசெய்து ஒரு கொக்கி போட்டேன். அடுப்பு மேடையைச் சுற்றிக் கப்பல் சமையலறை மாதிரி விளிம்பு அடித்தேன், பிரேக் போட்டால் குழம்புச் சட்டி நகராது. மீன் வாடை வெளியே போக ஒரு காற்றாடி. தார்ப்பாய்த் தையல் முழுக்க மெழுகுத் தடவல், மழைத்தண்ணி இறங்காது. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில் உப்பைக் கழுவி, ரப்பர் பட்டைக்குப் பவுடர் போட்டு, கம்பிகளுக்கு எண்ணெய் விடுகிறேன். உங்கள் தங்கை, “என் தலைக்கு எண்ண வெச்சிவுட்டிருப்பியா இப்டி?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். கேள்வி கேட்கிறாளே தவிர இறங்கி வந்து பார்க்கவில்லை.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். உள்ளே இடது மூலையில் ஒரு சின்ன பாத்ரூம் வைத்திருக்கிறேன் மச்சான். மூடி போட்ட நாற்காலி, அடியில் தனியாகக் கழற்றிக் கழுவுகிற தொட்டி, பக்கத்தில் கைப்பிடி, தண்ணிக்கு ஒரு கேன், நகர்த்துகிற பலகைக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். கைப்பிடி அவள் உயரத்துக்கு அளவெடுத்து வைத்தது, நம் வீட்டுக் கதவில் அவள் கை வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதே, அதை அளந்தேன். வாடை கொஞ்சம்கூட வராது. இந்த அமைப்பைப் பார்த்து அசராத ஆளே இல்லை. மீன் வாங்கப் போகிறவர்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பங்கு இளைஞர் குழு, யார் வந்து கேட்டாலும் சலிக்காமல் ஏற்றி, கதவை நகர்த்தி, மூடியைத் திறந்து, தொட்டியை உருவிக் காட்டி விளக்குகிறேன். போன வாரம் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, “இன்னாய்யா லோடு?” என்றார். “வூடு சார்” என்றேன். கோபமாகத்தான் ஏறினார், பாத்ரூமைப் பார்த்துவிட்டு அமைதியாக இறங்கி, அவர் மாமியாருக்கு இப்படி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி நடந்த கெட்டதைச் சொல்ல வேண்டும். இரண்டு ஞாயிறுக்கு முன்னால் வண்டி மந்திரிப்பு வைத்தேன். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி மாலை போட்டு, பூசை விட்டு வந்த ஜனம் முழுக்கச் சுற்றி நிற்க, பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். அன்றைக்கு உங்கள் தங்கையும் பச்சைப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். ஜனம் திரள்கிறதற்கு முன்னாலேயே நான் கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கேம்பருக்குள் ஏற்றிக் குனிந்து உட்கார வைத்தேன். தீர்த்தம் விழுகிற நேரம் நான் கூரையைத் தூக்குவேன், அவள் உள்ளே மாதா மாதிரி எழுந்து நிற்பாள், எல்லாரும் கை தட்டுவார்கள். இதுதான் திட்டம். சாமியார் ஜெபம் சொன்னார், தெளித்தார். நான் தூக்கினேன். கூரை வரவில்லை.

கூரைக் கம்பிகளை அவிழ்க்காமல் யாராவது கூரையைத் தூக்குவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் கேங் ஏற்றுமதி கேங், மச்சான். கட்டுவது எங்கள் வேலை. அவிழ்ப்பது கப்பல் போய்ச் சேருகிற துறைமுகத்துக்காரன் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கட்டியிருக்கிறேனே தவிர அவிழ்த்ததே கிடையாது. அவிழ்ப்பது என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு என் புத்தியில் இல்லை. ஞாபகம் வந்து டர்ன்பக்கிளைத் திருப்பினால் அது அசையவே இல்லை, அவ்வளவு இறுக்கம். சாமியார் இன்னொரு தடவை தெளித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து உங்கள் தங்கை, “யோவ், இன்னாய்யா பண்ற, மூச்சு முட்டுது” என்றாள். வெளியே இருபது பேர் இருபது யோசனை சொன்னார்கள். கடைசியில் அவள் பக்கவாட்டுக் கதவு வழியாகக் குனிந்து, முழங்கையும் முழங்காலும் ஊன்றி, பட்டுப்புடவை முழுக்கக் கயிற்றுக் கிரீஸோடு அத்தனை பங்கு மக்கள் முன்னாலும் தவழ்ந்து வெளியே வந்தாள். அந்த பஸ்ஸில் பார்த்த அதே முகம். “ஜென்மத்துக்கும் இதுல காலு வெக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். அப்சல் வந்து குழாயை மாட்டி நெம்பி அவிழ்ப்பதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “நைனா, புயலு வந்து ஊரே பூட்டாலும் உன் கூர போவாது” என்றான். அந்த நிலைமையிலும் அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அன்றிலிருந்து இந்த வயதில் நான் அவிழ்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் வாசலில் வைத்துக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுகிறேன். அதிலிருந்து நானே யோசித்து, கூரைக் கம்பி நாலையும் ஒரே ஒரு சிவப்புப் பிடியில் சேர்த்திருக்கிறேன். அதைக் கீழே இழுத்தால் நாலும் தளர்ந்து கழன்றுவிடும், கூரை தன்னால் எழும்பும். பெண்பிள்ளை ஒரு கையால் செய்யலாம். இதையும் சத்தமாக, ஜன்னலுக்குக் கேட்கும்படி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செய்து காட்டுகிறேன். ஜானட் ஜன்னலைச் சாத்துகிறாள். எதிர்வீட்டு டோரதி மட்டும் தவறாமல் வந்து நின்று பார்க்கிறாள். காசிமேட்டுக்கு ஐஸ் லோடு அடிக்கிற வண்டி ஓட்டுகிறாளே, அந்த டோரதிதான், உங்கள் தங்கையோடு மாதா சபையில் இருக்கிறாள். “அண்ணாத்த, இன்னொரு தபா இழு பாக்கலாம்” என்பாள். “ரிவர்ஸ் எங்க கீது? டீசல் எம்மாம் புடிக்கும்?” என்பாள். ஐஸ் வண்டி ஓட்டுகிறவளுக்கு என் வண்டி மேல் இவ்வளவு மதிப்பு இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விசித்திரம். வண்டிக்குள் யாரோ வந்து போகிறார்கள் மச்சான். பூட்டு உடையவில்லை, எதுவும் காணாமலும் போகவில்லை. ஒரு நாள் பார்த்தால் இட்லித் தட்டு இருக்கிறது. அடுத்த நாள் உப்பு ஜாடி. தார்ப்பாய் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. நேற்று பாத்ரூம் கைப்பிடியில் ஒரு ஜெபமாலை தொங்குகிறது. இப்படிப் பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற திருடனை நான் ஹார்பரில்கூடப் பார்த்ததில்லை. ஜானட்டிடம் சொன்னேன். “உனுக்கு வேற வேல இல்ல” என்று மட்டும் சொல்லி இட்லி ஊற்றப் போய்விட்டாள், தட்டு எங்கே என்று வேறு தேடினாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது இதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

ஆகவே கட்டாயம் வாருங்கள். மந்திரிப்பு அன்றைக்கு நடந்ததை நீங்கள் எடுக்க வேண்டாம், அவளாக எடுத்தால் என்னை இரண்டு திட்டு திட்டிவிட்டு அவளைச் சமாதானப்படுத்துங்கள். அவள் மட்டும் இன்னொரு தடவை அந்த வண்டிப் படியில் கால் வைத்துவிட்டால் போதும், மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும். அவள் மறுபடி கொடி ஏறுவதை நேரில் நின்று பார்க்க வேண்டும், எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. நாளைக் காலையே காசிமேட்டுக்குப் போய் உங்களுக்காக நல்ல வஞ்சிரம் பார்த்து வாங்கி ஐஸில் வைக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாதாவின் ஆசீர்வாதமும் மாமன் ஆசீர்வாதமும். புறாக்களையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புக்குரிய,
வில்சன்,
லாஷிங் போர்மேன் (ஓய்வு).

பி.கு.: புதன் மதியம் எழுதுகிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். காலையில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் வண்டி இல்லை. வண்டி நின்ற இடத்தில் காய்ந்த எண்ணெய்த் திட்டு மட்டும் இருந்தது. நான் திருடன் என்று கத்தி நாலு பேரைக் கூட்டிய பிறகுதான் வீட்டுப் படியைப் பார்த்தேன். கூரைக் கம்பி நாலும் சிவப்புப் பிடியோடு கழற்றி, துடைத்து, நீளவாக்கில் வரிசையாக வைத்திருந்தது. பெட்டியை லாரியோடு கட்டிய நாலு மூலைக் கம்பிகளை மட்டும் கை வைக்காமல் விட்டிருக்கிறாள் ஜானட். அப்புறம் போன் வந்தது. திண்டிவனம் தாண்டிவிட்டார்களாம், டோரதி ஓட்டுகிறாள். “இந்த மேல்கம்பிலாம் வேஸ்ட்டு பாரம், அப்சல் போட்ட கொக்கியே போதும்” என்றாள் உங்கள் தங்கை. என்னை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “நீ கூட வந்தா நிக்கிற எடத்துலலாம் ஊரக் கூட்டி கதவத் தொறந்து காட்டிகினு நிப்ப. அப்பால நான் எங்க போவறது?” வழியில் எத்தனை தடவை நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டேன். “எனுக்குத் தோணும்போதுலாம்” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது மச்சான். ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது யாரோ வண்டியைச் சுற்றிப் பார்த்து இதைச் செய்தது யார் என்று கேட்டார்களாம், “எங்க வூட்டுக்காரரு, ஹார்பர்ல பெரிய ஆளு” என்று சொன்னாளாம். நமக்கு வண்டியில் இடம் இல்லையாம், கொடியேற்றத்துக்கு பஸ்ஸில் வந்து சேரச் சொல்லிவிட்டாள், உங்களையும் கூட்டி வரச் சொன்னாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, வறுத்த மீனோடு நானே பெரம்பூர் கொண்டுவருகிறேன். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இரண்டு பேர் சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். பாத்ரூம் தொட்டியை உருவுவது எப்படி என்று உங்களுக்கு இன்னும் சரியாக விளங்கியிருக்காது, வேளாங்கண்ணி வரைக்கும் நேரம் இருக்கிறது.